யுன்னான் மலைக்கிராமங்கள் வழியே குதிரைப் பயணம்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: நண்பர்கள் நான்கு பேர். சீனாவின் யுன்னான் மாநிலத்தில், சிறுபான்மை இன மக்கள் வாழும் மலைக்கிராமங்கள் வழியாக நாலைந்து நாள் குதிரையில் போக ஆசை. யாருக்கும் குதிரைப் பழக்கம் பெரிதாக இல்லை. எந்த இடம், எந்த மாதம், எப்படி ஏற்பாடு செய்வது, எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற குதிரையைத் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். குதிரையின் எடை என்ன, ஏறப்போகிறவரின் எடை என்ன, இரவு யார் வீட்டில் தங்கப் போகிறீர்கள், இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் பாதை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கடைசியாக முடிவாகிற விஷயம்.

யுன்னானில் 25 சிறுபான்மை இனங்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றன. முதல்முறை போகிறவர்களுக்கு டாலி, லிஜியாங் இரண்டுக்கும் இடையில் ஜியென்சுவான் மாவட்டத்தில் இருக்கும் ஷாஷி பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். தரைமட்டம் சுமார் 2,100 மீட்டர், அதனால் உயரநோய் பயம் குறைவு. பள்ளத்தாக்கில் பாய் இனத்தவரின் ஊர்கள், மேலே மலைமுகடுகளில் யி இனத்தவரின் ஊர்கள். நடுவில் ஹெய்ஹுவே ஆறு, அதன்மேல் பழைய யூஜின் கல்பாலம். தேயிலை, உப்பு, குதிரை மூன்றும் கைமாறிய சிடெங் சந்தைத் திடல் இன்னும் அப்படியே இருக்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2001-ல் வெளியிட்ட, அழியும் நிலையிலுள்ள 100 இடங்களின் பட்டியலில் இந்தத் திடலும் இருந்தது; அதன்பிறகு சுவிஸ் நிபுணர்களோடு சேர்ந்து பழுதுபார்த்தார்கள். இங்கிருந்து பிரியும் மலைப்பாதைகள், கிணற்று நீரிலிருந்து உப்பு எடுத்த உப்புக்கிணறு ஊர்களுக்குக் குதிரை போன பாதைகள். அதாவது, இவை மிருகத்தின் காலுக்கு என்றே அமைந்தவை. தார்ச்சாலையின் ஓரமாகக் குதிரையை நடத்திப் போகும் அவலம் இங்கே குறைவு.

லிஜியாங் பக்கத்து லாஷி ஏரியில் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரச் சவாரி. பயணம் என்று அதைச் சொல்ல முடியாது. சிச்சுவானின் சோங்பானில் பலநாள் குதிரைப் பயணம் பல வருடமாக நடக்கிறது, திபெத்தியர், சியாங், ஹுவே மக்கள் வாழும் பகுதி, ஆனால் ஊரே 2,800 மீட்டருக்கு மேலே, கூடாரத்தில் தங்கல், இரவுக் குளிர் கடுமை. இரண்டாவது பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கு

யுன்னானின் மலைக்குதிரை, நாம் மட்டக்குதிரை என்று சொல்கிற அளவுதான். தோள் மேட்டு உயரம் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு வரை) பெரும்பாலும் 110 முதல் 125 செ.மீ. உடல் எடை 200 கிலோ அக்கம்பக்கம். இதை நீங்களே அளக்கலாம், ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சுற்றளவை (செ.மீ.) அதாலேயே பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். மார்புச் சுற்று 140, நீளம் 120 என்றால் 198 கிலோ.

குதிரையேற்ற உலகில் பரவலாகச் சொல்லப்படும் விதி, சேணம் உட்பட மொத்தச் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது. 25 விழுக்காட்டைத் தாண்டினால் தசைவலியும் இதயத்துடிப்பும் ஏறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இந்த 198 கிலோ குதிரைக்கு ஐந்தில் ஒன்று என்றால் 40 கிலோ. உங்கள் எடை 70, சட்டை, பூட்ஸ், தண்ணீர் 3, சேணமும் விரிப்பும் 12 என்று வைத்தால் 85 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல்! மலைக்குதிரை எலும்பு கனத்தது, குட்டைக் கால், உடலுக்கு மீறிய பலம், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் பலம் ஒன்றே அடைத்துவிடாது.

தேயிலையும் உப்பும் குதிரைமேல் போன அந்தப் பாதைகளின் பழைய வழக்கமே இதற்கு விடை சொல்கிறது. யுன்னானின் பூஅர் தேயிலையை அழுத்திச் செய்த வட்டு ஒன்று 357 கிராம். ஏழு வட்டு ஒரு கட்டு, 2.5 கிலோ. பன்னிரண்டு கட்டு ஒரு கூடை, 30 கிலோ. குதிரையின் இரு பக்கமும் ஒவ்வொரு கூடை, ஆக 60 கிலோ. அதுவும் ஆடாத, அசையாத, இரு பக்கமும் சமமான சுமை. மாபாங் என்ற குதிரைக் கூட்டத்தின் ஆட்கள் பெரும்பாலும் பக்கத்தில் நடந்தே போனார்கள். நாம் சேணத்தின்மேல் உட்கார்ந்து, ஏற்றத்தில் பின்னால் சாய்ந்து, செல்போனை எடுக்க ஒரு பக்கம் திரும்பும் உயிருள்ள சுமை. அதே எடைக்கு நம் சுமை அதிகம் வலிக்கும்.

ஆகவே திட்டத்தில் இதை எழுதி வையுங்கள்: ஒரு நாளில் சேணத்தில் உட்காருவது மூன்று, மிஞ்சினால் நான்கு மணி நேரம். இறக்கம் எல்லாம் நடை. செங்குத்தான ஏற்றமும் நடை. சமதளத்திலும் மெல்லிய ஏற்றத்திலும் மட்டும் சவாரி. 75 கிலோவுக்கு மேல் இருப்பவர் கோவேறு கழுதை கேளுங்கள், சீனத்தில் லுவோசு. அது குதிரையைவிடப் பெரிதாக இருக்கும், செங்குத்துப் பாதையில் கால் வைப்பதிலும் நிதானம். 90 கிலோவைத் தாண்டியவர் முழுக்க நடந்து, பையை மட்டும் குதிரையில் ஏற்றுவதுதான் நியாயம். இதைப் புறப்படும் காலையில் பேசினால் மனஸ்தாபம் வரும். பதிவு செய்யும்போதே நான்கு பேரின் எடையையும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

குதிரையைப் பார்ப்பது

புறப்படுவதற்கு முந்தைய மாலையே குதிரைகளைச் சேணம் இல்லாமல் பார்க்கக் கேளுங்கள். சேணம் கட்டி வைத்த குதிரையை மட்டும் காட்டினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

முதுகுத்தண்டின் இரு பக்கமும், தோள் மேட்டிலும் உள்ளங்கையை அழுத்தித் தடவுங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தி விலகினால், காதைப் பின்னால் மடக்கினால், அங்கே வலி இருக்கிறது. கரும்பழுப்பு முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய சேணப்புண் ஆறிய தடம். ஆறிப்போன தடம் இருக்கும் குதிரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சேணம்தான் இன்னும் கட்டுகிறார்களா என்று கேட்க வேண்டும். ஈரமான, பொருக்குத் தட்டிய, சூடான புண் இருந்தால் அந்தக் குதிரை வேண்டாம். விலை குறைத்தாலும் வேண்டாம்.

வயிற்று வார் படும் இடத்தில், முன்னங்கால் இடுக்கில், முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள். நான்கு லாடமும் ஆடாமல் இருக்கின்றனவா? லாடம் புதிதாக அடித்ததென்றால் எப்போது என்று கேளுங்கள். ஆணி உயிர்ச்சதைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் நொண்டல் ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும், அதற்குள் நீங்கள் மலைமேல் இருப்பீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அடித்த லாடம் உத்தமம். பிறகு கெட்டித் தரையில் இருபது அடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நொண்டும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தலை தாழும். அதைக் காண விசேஷ அறிவு தேவையில்லை, பொறுமையாக நின்று பார்த்தால் போதும்.

வழியில் சோதிக்க இரண்டு அளவுகள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் கிடைக்கும். ஏற்றம் முடிந்து நின்ற இருபது நிமிடத்தில் அது 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய சவாரி முடிந்தது, மீதியை நடந்தே கடந்துவிடுங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் தண்ணீர் பற்றவில்லை. 200 கிலோ குதிரை சும்மா நின்றாலே நாளைக்கு 10 லிட்டர்வரை குடிக்கும், வேலைநாளில் அதற்கு மேல். எனவே நிறுத்தும் இடத்தில் நீர் இருக்கிறதா என்பதுதான் மதிய இடைவேளை எங்கே என்பதைத் தீர்மானிக்க வேண்டும், காட்சி அல்ல.

தீவனம் வைக்கோல், புல், மேலே சோளம், அகன்ற அவரை. குதிரை திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைக் கிளறுவது, புரள முயல்வது, இவை வயிற்று வலியின் அறிகுறிகள். உடனே குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். உங்கள் பிஸ்கட், ஆப்பிள், ரொட்டி எதையும் கேட்காமல் ஊட்டாதீர்கள்.

சேணம்

உள்ளூர்ச் சேணம் பெரும்பாலும் மரச்சட்டம், அதன்மேல் கம்பளம். சுமைக்காகச் செய்தது, உட்காருவதற்காக அல்ல. முதல் நாள் வலிப்பது பின்பக்கம் என்று எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் முழங்கால்தான். அங்கவடியை (கால் வைக்கும் வளையம்) குட்டையாகக் கட்டியிருப்பதே காரணம். அளவு பார்க்கும் முறை எளிது: நின்றபடி விரல்நுனியைச் சேணத்தின் அங்கவடி வார் தொடங்கும் இடத்தில் வைத்து, அங்கவடியை அக்குளுக்கு இழுத்துப் பாருங்கள். அக்குளைத் தொட்டால் சரியான நீளம். கயிற்றால் கட்டிய, நீட்ட முடியாத அங்கவடிகள் உண்டு; இரண்டு ஜோடி பட்டை நாடா கையில் இருந்தால் குதிரைக்காரர் நீட்டிக் கட்டித் தருவார்.

அங்கவடி குறுகலாக இருக்கும். தடித்த மலையேற்ற பூட்ஸ் அதில் சிக்கிக்கொண்டால், விழும்போது கால் வெளியே வராது. குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிரைச் சவாரியில் மிகக் கொடிய விபத்துகளில் இது ஒன்று. ஒல்லியான அடிப்பாகமும் சின்னக் குதிகாலும் உள்ள ஷூ எடுத்துப் போங்கள், பாதத்தின் முன்பாகத்தை மட்டும் அங்கவடியில் வையுங்கள். சைக்கிள் ஹெல்மெட் போதாது, குதிரையேற்ற ஹெல்மெட்டையே ஊரிலிருந்து கொண்டுபோங்கள். அங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

மலைப்பாதையில் மார்பு வாரும் வாலடி வாரும் கட்டாயம். ஏற்றத்தில் சேணம் பின்னால் சரியாமல் முன்னது தடுக்கும், இறக்கத்தில் கழுத்துப் பக்கம் சரியாமல் பின்னது தடுக்கும். வாலடியில் தோல் உரியாமல் இருக்கச் சில இடங்களில் மர உருளைகள் கோத்துக் கட்டுவார்கள். ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் கழித்து வயிற்று வாரை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சேணம் கட்டும்போது குதிரை மூச்சை நிறைத்து வயிற்றை உப்பவைக்கும், நடக்க நடக்கத் தளரும். ஏறிய முதல் கால் மணியில் பக்கவாட்டில் சேணத்தோடு சுற்றி விழுகிறவர்கள் விழுவது இதனால்தான்.

சாயங்காலம் சேணம் இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை சீராகப் படிந்திருந்தால் நல்லது. நடுவில் கையகலம் காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் கூடி வியர்வையே வரவில்லை என்று பொருள். மறுநாள் அந்த இடத்துக்கு நேராகக் கம்பளத்தை மடித்து மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் புண்.

பாதை

குன்மிங்கிலிருந்து டாலிக்கு வேகரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டாலியிலிருந்தோ லிஜியாங்கிலிருந்தோ ஜியென்சுவானுக்குப் பஸ், அங்கிருந்து சிறுவேனில் ஷாஷி. வியாழக்கிழமை போய்ச் சேருங்கள். வெள்ளிக்கிழமை ஷாஷியில் வாரச்சந்தை. மலைமேலிருந்து யி மக்கள் இறங்கி வருவார்கள், குதிரைக்காரர்களையும் அங்கேயே பார்க்கலாம். அன்று மாலை ஆற்றங்கரைச் சமதளத்தில் இரண்டு மணி நேரம் ஒத்திகைச் சவாரி. யாருக்கு எந்தக் குதிரை ஒத்துவரும், எந்த இரண்டு குதிரைகள் பக்கத்தில் நின்றால் உதைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மேற்கு மலைக்கு ஏறி மாபிங்குவான். ஷாஷிக்கும் மிஷா உப்புக்கிணறுகளுக்கும் நடுவில், உப்பு வணிகத்துக்குக் காவல் சாவடியாக இருந்த ஊர் அது. முதல் நாளுக்கு அந்தத் தூரம் போதும், அதைத் தாண்டிப் போக முயலாதீர்கள். ஞாயிறன்று மிஷா பக்கம் இறக்கம், பெரும்பாலும் நடை. திங்கள் முழு ஓய்வு. இந்த ஓய்வு நாளைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள், வெட்டக்கூடாதது அதுதான். குதிரையின் முதுகு ஆறுவதும், உங்கள் தொடை வலி தணிவதும், தங்கிய வீட்டாரோடு பத்து வார்த்தை பேசக் கிடைப்பதும் அன்றைக்குத்தான். செவ்வாய், புதன் திரும்பும் வழி. கடைசியாக ஒரு நாளை ஷிபாவ் மலைக்கு ஒதுக்குங்கள், அதைக் காலாலேயே ஏறுங்கள். நான்சாவ், டாலி அரசர்கள் காலத்துக் குடைவரைச் சிற்பங்கள், 1961-ல் அறிவிக்கப்பட்ட முதல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலிலேயே இடம்பெற்றவை.

மலையில் வேகம் மணிக்கு மூன்றரை, நான்கு கி.மீ. தான். ஒரு நாளுக்கு 15 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்பது புதியவர்களுக்கு மேல் எல்லை. சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றே, ஆனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1.20 வாக்கில். டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும். "ஆறு மணிக்குக் கிளம்பலாம்" என்று எழுதிய திட்டம் இருட்டில் சேணம் கட்டுவதில் முடியும்.

செல்போன் வரைபடத்தை நம்பிக் குதிரைக்காரரிடம் வாதாட வேண்டாம். சீனாவின் வரைபடங்கள் வேறு ஆயத்தொகுதியில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) அமைந்தவை. வெளிநாட்டுச் செயலியில் பதிந்த பாதை அவற்றின்மேல் சில நூறு மீட்டர் தள்ளி விழும். மலையில் சில நூறு மீட்டர் என்றால் பக்கத்துப் பள்ளத்தாக்கு.

மாதம்

மே கடைசி முதல் அக்டோபர் வரை மழை. ஜூலை, ஆகஸ்டில் செம்மண் பாதை வழுக்கும், மண்சரிவு வரும், நனைந்த கம்பளம் தோலை உரிக்கும். மார்ச், ஏப்ரலில் மலைமேல் ரோடோடெண்ட்ரான் பூக்கும், வானம் தெளிவு. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையும் அருமை. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, சந்திரப் புத்தாண்டு வாரம், இரண்டையும் தவிருங்கள். அறுவடை, நடவு நாட்களில் குதிரைக்கு வயலில் வேலை இருக்கும், அப்போது வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

டிசம்பர் 1 முதல் ஜூன் 15 வரை யுன்னானில் காட்டுத்தீத் தடுப்புக் காலம். மலைவாசலில் சாவடி போட்டுத் தீப்பெட்டி, லைட்டரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த மாதங்களில் காட்டில் தீ மூட்டிச் சமைப்பது, கூடாரம் போட்டு அடுப்பெரிப்பது என்று யாராவது திட்டம் காட்டினால், அவருக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம். மதிய உணவு குளிர்ந்ததாகவே கட்டிக்கொண்டு போங்கள்.

திருவிழா பார்க்க விரும்பினால், தீப்பந்தத் திருவிழா யி மக்களுக்குச் சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 24-ம் நாள், பாய் மக்களுக்கு 25-ம் நாள். அது மழைக்காலம். ஆகவே அன்று ஊரில் தங்கிப் பாருங்கள், குதிரைப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். வெடிச்சத்தமும் தீப்பொறியும் குதிரைக்கு ஆகாது.

வீட்டில் தங்குவது

சட்டம் முதலில். சீனாவில் வெளிநாட்டவர் ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரரே போலீஸில் பதிவு செய்வார். கிராமத்தில் ஒருவர் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இதை விட்டால் பாதிக்கப்படப் போகிறவர் உங்களை நம்பிக் கதவு திறந்த வீட்டுக்காரர். ஷாஷியில் கிளம்பும் முன்பே எந்தெந்த இரவு எந்த ஊர் என்று எழுதி, கடவுச்சீட்டு, விசாப் பக்க நகல்களோடு, ஏற்பாட்டாளர் வழியாக இதை முடித்துவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே சுற்றுலா விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம்.

யி வீட்டின் நடுவில் அடுப்புக்குழி இருக்கும். அதைத் தாண்டிக் கால் வைப்பது, அதன் கற்களில் காலை நீட்டி வைப்பது, அதில் துப்புவது, மூன்றும் பெரிய மரியாதைக்கேடு. ஈர ஷூவைக் காய வைக்கிறேன் என்று அதில் சாய்க்கப் போகாதீர்கள். எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருங்கள். விருந்தினருக்கு இடம் உண்டு. நிலைப்படியில் உட்காரக்கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. பாய் ஊர்களில் பென்ஜு என்ற ஊர்க்காவல் தெய்வத்தின் கோயில் இருக்கும், நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி. குதிரையைக் கோயில் முற்றத்தில் கட்டாதீர்கள். மலைச்சரிவில் தெரியும் மண்மேடுகள் கல்லறைகள், அங்கே குதிரையை மேயவிடக் கூடாது. பயிருள்ள வயல் வரப்பில் குதிரை தலையைத் தாழ்த்தினால் கடிவாளத்தை இழுத்துப் பிடியுங்கள்; நாலு வாய் அவரைச்செடிக்கு அடுத்த வருடம் வரை ஊரில் பேச்சு ஓடும்.

மது ஊற்றுவார்கள். முதல் கிண்ணத்தை இரு கையால் வாங்கி உதட்டில் தொட்டு, குடிப்பதில்லை என்று சைகை காட்டினால் வருத்தப்பட மாட்டார்கள். குடித்துவிட்டு மறுநாள் காலை தலைசுற்றலோடு குதிரை ஏறுவதைவிட அது மேல். கேமராவைத் தூக்கும் முன் கண்ணால் கேளுங்கள், முதியவர்களிடம் இன்னும் கவனமாக. பிள்ளைகளுக்குப் பணமும் மிட்டாயும் நீட்டிப் பழக்காதீர்கள். கொண்டுபோவதென்றால் தேயிலை, சர்க்கரை. வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள்.

சைவம் என்றால் இதைக் கவனியுங்கள்: காய்கறியைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது மலையில் சாதாரணம். "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். "பூ யாவ் ஜூ யோ", பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். உருளைக்கிழங்கு, கோதுமை மாதிரி அரைத்துச் சுடும் பக்வீட் ரொட்டி, முட்டை, பாய் மக்களின் ரூபிங் பாலாடைக்கட்டி, இவற்றில் நாட்களை ஓட்டிவிடலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் டாலிப் பகுதியில் விருந்தாக வைக்கும் ஷெங்பி என்ற பச்சைப் பன்றித்தோலை மறுத்துவிடுங்கள், நாடாப்புழு, சுருள்புழு அபாயம் உண்டு. மழைக்காலக் காட்டுக்காளான் நன்றாக வெந்திருந்தால் மட்டும்.

பேச்சு, பணம்

நான்கு பேருக்கு நான்கு சவாரி மிருகம், ஒன்றோ இரண்டோ சுமை மிருகம், நடந்து வரும் குதிரைக்காரர்கள் இரண்டு பேராவது. ஒருவரே ஐந்து குதிரையைப் பார்ப்பேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீசாட் (சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலி) வழியாக, எழுத்தில், இவற்றை முடிவு செய்யுங்கள்: ஒரு குதிரைக்கு ஒரு நாள் கூலி, குதிரைக்காரரின் சாப்பாடும் படுக்கையும் யார் கணக்கு, தீவனம் யார் கணக்கு, ஓய்வு நாளுக்குக் கூலி உண்டா, பாதை வேறு ஊரில் முடிந்தால் குதிரை வெறுமையாகத் திரும்பும் நாட்களுக்கு எவ்வளவு, மழையால் நின்றால் என்ன. கசப்புகள் பெரும்பாலும் அந்தத் திரும்பும் நாள் கூலியில்தான் கிளம்புகின்றன. அவர் கேட்பது நியாயம். முன்பே கேட்காமல் விட்டது நம் தவறு.

அலிபே என்ற சீனப் பணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலிருந்தே இணைத்துச் சோதித்துவிடுங்கள். ஆனாலும் மலைமேல் பாட்டியிடம் போன் இருக்காது, சிக்னலும் இருக்காது. 10, 20, 50 யுவான் நோட்டுகளாக ரொக்கம் வைத்திருங்கள். தங்கும் வீட்டுப் பணத்தை ஏற்பாட்டாளரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், சமைத்துப் போட்ட அம்மாவின் கையிலேயே கொடுக்கும்படி பேசுங்கள்.

சாமான், உடம்பு

ஆளுக்கு 8 கிலோ, மென்மையான பையில். சுமைக் குதிரையின் இரு பக்கமும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேணம் ஒரு பக்கம் இழுத்து முதுகைத் தேய்க்கும். கையில் தூக்கும் சின்னத் தராசு ஒன்று எடுத்துப் போங்கள். உருளைப் பெட்டி வேண்டாம். முதுகுப் பை மூன்று கிலோவுக்குள். படபடக்கும் பிளாஸ்டிக் போஞ்சோவைச் சேணத்தில் உட்கார்ந்தபடி போடவோ கழற்றவோ கூடாது. அதன் சத்தத்தில் சாதுக்குதிரையும் தாவும். இறங்கி, குதிரைக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்த பிறகு போடுங்கள். குடையும் செல்ஃபிக் குச்சியும் அதே கணக்கு. உள்தொடையில் தையல் இல்லாத கால்சட்டை, அதற்குள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான அரைக்கால் சட்டை, இரண்டும் தோல் உரிவதைத் தடுக்கும்.

பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே ஐந்தாறு முறையாவது சவாரிப் பயிற்சி எடுங்கள். ஓடப் பழக வேண்டியதில்லை. ஏற, இறங்க, நிறுத்த, ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். டெட்டனஸ் ஊசி முடிந்திருக்க வேண்டும். மலைவீடுகளில் காவல் நாய்கள் உண்டு, ஆகவே வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கடி பட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே கீழே இறங்குங்கள். காப்பீட்டில் குதிரைச் சவாரி விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஆவணத்தில் தேடிப் பாருங்கள், பலவற்றில் விலக்கித்தான் வைத்திருப்பார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120. ஆனால் ஆம்புலன்ஸ் வருவது வண்டிப்பாதை வரைதான். அதனால் ஒவ்வொரு நாளின் பாதையிலும் பக்கத்து வண்டிப்பாதை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் காலையிலேயே குதிரைக்காரரிடம் கேட்டு எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷாஷிக்குத் திரும்பிய மாலை, கணக்கு முடிக்கும் முன், குதிரைக்காரரோடு சேர்ந்து ஒவ்வொரு முதுகையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அது தணியும் வரை அந்தக் குதிரைக்கு வேலை இல்லை, அவருக்கு அந்த நாட்களின் கூலியும் இல்லை. அந்த நாட்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.